வாடிக்கையாளர் விருப்ப அளவீடும் மென்பொருள் கட்டமைப்பு முடிவுகளும்

வாடிக்கையாளர் விருப்ப அளவீடு என்பது, ஒரு மென்பொருளை வாங்குவோரும் அன்றாடம் கையாள்வோரும் அதன் எந்தப் பண்புக்கு எவ்வளவு மதிப்புத் தருகின்றனர் என்பதையும், ஒரு பண்பைப் பெறுவதற்காக மற்றொன்றை எந்த எல்லைவரை விட்டுக்கொடுப்பர் என்பதையும் எண்களாகக் கணித்து, அந்த எண்களின் துணையோடு மென்பொருளின் கட்டமைப்பைத் தேர்வு செய்யும் முறைகளைக் குறிக்கும். சந்தை ஆய்வு, கணித உளவியல், தர மேலாண்மை, மென்பொருள் பொறியியல் ஆகிய துறைகளில் தனித்தனியே வளர்ந்த கருத்துகள் 1990களிலும் அதன் பின்னரும் ஒன்றையொன்று தொட்டதால் இம்முறைகள் உருவாயின.

மென்பொருள் கட்டமைப்பு எனப்படுவது, ஒரு மென்பொருள் எந்தெந்தப் பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது, அப்பகுதிகள் தமக்குள் எவ்வாறு தகவல் பரிமாறுகின்றன, தரவு எங்கே எத்தனை பிரதிகளாக வைக்கப்படுகிறது, ஒரு பகுதி செயலிழந்தால் ஏனையவை எப்படி நடந்துகொள்கின்றன என்பன போன்ற, பின்னாளில் மாற்றப் பெருஞ்செலவு பிடிக்கும் முடிவுகளின் தொகுப்பாகும். திரையிலுள்ள ஒரு பொத்தானின் நிறத்தை ஒரே நாளில் மாற்றிவிடலாம். ஒரே தரவுத்தளத்தை நம்பி எழுதப்பட்ட வங்கி மென்பொருளைப் பல நகரங்களில் பரவிய தரவுத்தளங்களுக்கு மாற்றுவதோ ஆண்டுக்கணக்கில் நீளும் பணியாகிவிடும். இதனால்தான், கட்டமைப்பை வகுக்கும் முன்னரே வாடிக்கையாளரின் விருப்பத்தை அறிந்துகொள்ள வேண்டிய தேவை எழுகிறது. ஆனால் வாடிக்கையாளர் கட்டமைப்பைக் காண்பதில்லை, அதன் விளைவுகளை மட்டுமே உணர்கிறார். தரவை மூன்று பிரதிகளாக வைப்பதா, ஐந்தாக வைப்பதா என்று அவரிடம் கேட்டுப் பயனில்லை. சேவை ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் நின்றால் அவர் பொறுத்துக்கொள்வார், அந்த நேரத்தைக் குறைக்க எவ்வளவு கூடுதல் கட்டணம் தருவார் என்பதை மட்டுமே அறிய முடியும். அந்த விடையைக் கட்டமைப்பின் மொழிக்கு மாற்றும் வேலைதான் இத்துறையின் கடினமான பகுதி. இங்குப் பேசப்படும் முறைகளின் தரத்தையும் அந்த மாற்றத்தை அவை எவ்வளவு நேர்மையாகச் செய்கின்றன என்பதைக் கொண்டே மதிப்பிட வேண்டும்.

தரப் பண்புகளும் சூழல்களும்

விருப்பத்துக்கும் கட்டமைப்புக்கும் இடையே பாலமாக அமைபவை தரப் பண்புகள். மென்பொருள் என்ன செய்கிறது என்பது அதன் செயல்பாடு. அதை எவ்வளவு விரைவாக, எவ்வளவு பாதுகாப்பாக, எவ்வளவு தடையின்றிச் செய்கிறது என்பது தரம். 2011இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 25010 தரநிலை, செயல்பாட்டுப் பொருத்தம், செயல்திறன், பிற மென்பொருள்களோடு இணங்கும் தன்மை, பயன்படுத்தும் எளிமை, நம்பகம், பாதுகாப்பு, பராமரிப்பு எளிமை, இடம் மாற்றும் எளிமை என எட்டுப் பண்புகளை வகுத்தது. ஒரே செயல்பாட்டைப் பல கட்டமைப்புகளால் தர முடியும் என்பதால், இவற்றுள் எதனை வேண்டுவது என்ற கேள்வியே கட்டமைப்புத் தேர்வைத் தீர்மானிக்கிறது.

ஆயினும் “நம்பகம் வேண்டும்” என்ற சொல்லால் மட்டும் எதையும் வடிவமைக்க முடியாது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் நிதியோடு 1984இல் பிட்ஸ்பர்க் நகரில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கீழ்த் தொடங்கப்பட்ட மென்பொருள் பொறியியல் நிறுவனத்தைச் சேர்ந்த ரிக் காஸ்மன், லென் பாஸ் முதலியோர் 1990களில் இதற்குத் தந்த தீர்வு, ஒவ்வொரு பண்பையும் சூழலாக எழுதுவது. சூழல் என்பது, எந்த நிலையில் என்ன நிகழ்கிறது, அதற்கு மென்பொருள் எவ்வாறு பதிலளிக்க வேண்டும், அந்தப் பதிலை எந்த அளவுகோலால் அளப்பது என்பவற்றைச் சொல்லும் சிறு கூற்று. “உச்ச நேரத்தில் ஒரு சர்வர் பழுதடைந்தால், 30 நொடிக்குள் மற்றொன்று அதன் வேலையை ஏற்க வேண்டும்” என்பது ஒரு சூழல். இவ்வாறு எழுதியவுடன் விருப்பத்தை அளவிடுவதற்கும் ஒரு பிடி கிடைக்கிறது. 30 நொடி 5 நொடியானால் எவ்வளவு நல்லது, 5 நிமிடமானால் எவ்வளவு கேடு என்று பயனரிடம் கேட்கலாம்.

இந்த அளவுகள் சீராக ஏறுவதில்லை. ஆண்டில் 99.9 விழுக்காடு நேரம் இயங்கும் சேவை ஏறத்தாழ 8 மணி 45 நிமிடம் நிற்கலாம், 99.99 விழுக்காட்டில் அது 53 நிமிடத்துக்குள் அடங்க வேண்டும்; 99.999 விழுக்காட்டில் 5 நிமிடத்தைச் சற்றே தாண்டலாம். எண்ணின் இறுதியில் ஒரு 9 கூடும்போதெல்லாம் மாற்று எந்திரங்கள், மாற்றுத் தரவு மையங்கள், இரவுபகலாகக் கண்காணிக்கும் பணியாளர்கள் எனச் செலவு பாய்ந்து உயர்கிறது. விலையைச் சொல்லாமல் கேட்டால் எல்லா வாடிக்கையாளரும் மிக உயர்ந்த எண்ணையே தேர்ந்தெடுப்பர் என்பதால், ஒவ்வொரு பண்பையும் தனித்தனியே “இது முக்கியமா?” என்று கேட்கும் வினாத்தாள்கள் கட்டமைப்பு முடிவுக்கு ஏறக்குறைய எந்தத் துணையும் செய்வதில்லை.

கேட்டறியும் முறைகள்

விலையையும் இழப்பையும் சேர்த்துக் கேட்கும் கலையில் மிகவும் முதிர்ந்தது கூட்டுப் பகுப்பாய்வு. மக்கள் தனிப் பண்புகளை எடைபோடத் தடுமாறினாலும், பண்புகள் சேர்ந்த முழுப் பொருள்களை ஒப்பிட்டு இது அதைவிட மேல் என்று சொல்ல வல்லவர்கள். அந்தத் தரவரிசையிலிருந்தே ஒவ்வொரு பண்பின் மதிப்பையும் பிரித்தெடுக்கலாம் என்பது இதன் கருத்து. இதன் கணித அடிப்படையை டங்கன் லூஸ், ஜான் டூக்கி ஆகியோர் 1964இல் வகுத்தனர். அதைச் சந்தை ஆய்வுக்குக் கொண்டுவந்தவர்கள் பால் கிரீன், விட்டலா ராவ் ஆகிய இருவரும், ஆண்டு 1971. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் எந்திரப் பொறியியல் பயின்று, பின்னர் ஸ்டான்ஃபோர்டில் பேராசிரியராக இருந்த வி. சீனிவாசன், கிரீனோடு இணைந்து 1978இல் எழுதிய ஆய்வுரை இம்முறையின் அடிப்படை நூல்களுள் ஒன்றாக இன்றும் மதிக்கப்படுகிறது.

கோப்புகளைச் சேமித்துத் தரும் ஓர் இணையச் சேவையை எடுத்துக்கொண்டால் முறை விளங்கும். திறக்கும் வேகம், தடையின்றி இயங்கும் நேரம், இணையம் இல்லாதபோதும் வேலை செய்யும் வசதி, மாதக் கட்டணம் ஆகிய நான்கு பண்புகளுக்கும் மும்மூன்று நிலைகள் வைத்தால் 81 சேவைகள் அமையும். அத்தனையையும் ஒருவர் முன் வைக்க முடியாது. ஆனால் ஒவ்வொரு நிலையும் மற்றப் பண்புகளின் ஒவ்வொரு நிலையோடும் சம அளவில் சந்திக்குமாறு தேர்ந்தெடுத்தால் 9 சேவைகளே போதும். அந்த ஒன்பதையும் பயனர் வரிசைப்படுத்தியதும், புள்ளியியல் கணக்கு ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பகுதி மதிப்பைத் தரும். இணையமின்றி இயங்கும் வசதியின் பகுதி மதிப்பு, கட்டணத்தில் எத்தனை ரூபாய் வேறுபாட்டுக்கு ஈடாகிறது என்பது அப்போது தெரியவரும். அந்த வசதிக்காகக் கட்டமைப்பே மாற வேண்டியிருப்பதால் இந்த எண் மிகவும் முக்கியமானது: தரவின் ஒரு பிரதி பயனரின் கருவியிலேயே இருக்க வேண்டும், இரு கருவிகளில் ஒரே கோப்பு வெவ்வேறாகத் திருத்தப்பட்டால் அவற்றை இணைக்கும் பொறிமுறையும் வேண்டும். இவற்றைப் பின்னர் ஒட்டவைக்க முயன்ற திட்டங்கள் பெரும்பாலும் மென்பொருளை முதலிலிருந்து எழுதுவதிலேயே போய் முடிகின்றன. வரிசைப்படுத்தச் சொல்வதற்குப் பதிலாக, கடையில் வாங்குவதுபோல ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொல்லும் வடிவத்தை ஜோர்டன் லூவியர், ஜார்ஜ் உட்வொர்த் ஆகியோர் 1983இல் முன்வைத்தனர்; இன்று பரவலாக வழங்குவது அதுவே.

டோக்கியோ அறிவியல் பல்கலைக்கழகத்தின் நொரியாக்கி கானோ 1984இல் தந்த மாதிரி வேறொரு கேள்வியை எழுப்புகிறது. ஒரு பண்பு இருந்தால் எப்படி இருக்கும், இல்லாவிட்டால் எப்படி இருக்கும் என்று இருமுறை கேட்டு, விடைகளின் இணையைக் கொண்டு பண்புகளை அவர் வகைப்படுத்தினார். இருந்தால் யாரும் பாராட்டாமல், இல்லாவிட்டால் அனைவரும் சினம் கொள்ளும் பண்புகள் கட்டாயமானவை. கூடக்கூட மகிழ்ச்சியும் குறையக்குறைய வருத்தமும் தருபவை நேர்விகிதப் பண்புகள். எதிர்பாராமல் கிடைத்து மகிழ்விப்பவை கவர்ச்சிப் பண்புகள். யாரும் பொருட்படுத்தாதவையும், இருப்பதே எரிச்சலூட்டுபவையும் எஞ்சிய இரு வகைகள். கட்டமைப்பாளருக்கு இந்தப் பாகுபாடு நேரடியான வழிகாட்டி. கட்டாயப் பண்பில் எல்லையைத் தொட்டபின் மேலும் செலவிடுவது வீண். நேர்விகிதப் பண்பில் ஒவ்வொரு படியும் பலன் தருவதால் அதன் வழியில் தடை வராதவாறு அடித்தளத்தையே அமைக்க வேண்டும். கவர்ச்சிப் பண்பு நிலைக்குமா என்பது உறுதியில்லாததால், பிடிக்காவிட்டால் நீக்கிவிடத்தக்க தனிப் பகுதியாக அதைக் கட்டுவதே அறிவு.

தாமஸ் சாட்டி 1970களில் உருவாக்கிய படிநிலைப் பகுப்பாய்வு, பண்புகளை இரண்டிரண்டாக ஒப்பிட்டு 1 முதல் 9 வரை எடை தரச் சொல்கிறது. ஒருவர் தந்த விடைகள் தமக்குள் முரண்படுகின்றனவா என்பதையும் அது கணக்கிட்டுக் காட்டுவது அதன் சிறப்பு. யோவாகிம் கார்ல்சன், கெவின் ரயன் ஆகியோர் 1997இல் எரிக்சன் நிறுவனத்தின் திட்டங்களில் இதைக் கொண்டு மென்பொருள் தேவைகளின் மதிப்பையும் செலவையும் ஒரே வரைபடத்தில் காட்டினர். ஒப்பீடுகளின் பெருக்கம் இதன் குறை: 10 பண்புகளுக்கு 45 ஒப்பீடுகள் வேண்டும், 20 ஆனால் 190.

நாசாவின் புவிநோக்குத் தரவு அமைப்பு

விருப்பத்திலிருந்து கட்டமைப்புவரை ஒரே கோட்டில் கணக்கை நடத்திச் சென்ற முறைகளுள் நன்கு ஆவணப்படுத்தப்பட்டது, ரிக் காஸ்மன், ஜெய் அசுந்தி, மார்க் கிளைன் ஆகியோர் 2001இல் வெளியிட்ட செலவு–பயன் பகுப்பாய்வு முறை. மென்பொருள் பொறியியல் நிறுவனத்தின் முந்தைய முறை, ஒரு கட்டமைப்பில் எந்த முடிவு எந்தப் பண்பை உயர்த்தி எதைத் தாழ்த்துகிறது என்பதைக் கண்டறிவதோடு நின்றது. எந்த மாற்றத்துக்குப் பணம் செலவிடத் தகும் என்று சொல்லவில்லை. அந்த இடைவெளியை நிரப்ப எழுந்த புதிய முறை, நாசாவின் புவிநோக்குத் தரவு அமைப்பின் மையப் பகுதியில் வைத்துப் பார்க்கப்பட்டது. 1999 டிசம்பரில் ஏவப்பட்ட டெர்ரா முதலிய செயற்கைக்கோள்கள் அனுப்பும் தரவைப் பெற்று, பதப்படுத்தி, சேமித்து, உலகெங்கும் உள்ள அறிவியலாளர் கேட்கும்போது வழங்குவது இவ்வமைப்பின் வேலை. தேவைகள் மிகுதியாகவும் நிதி குறைவாகவும் இருந்ததால் எதை முதலில் சீர்படுத்துவது என்ற கேள்வி உண்மையானதாக இருந்தது.

முதலில் தொடர்புடையோர் சூழல்களை எழுதி, ஆளுக்கு 100 வாக்குகளை அவற்றுக்குப் பகிர்ந்தளித்தனர். பின்னர் ஒவ்வொரு சூழலுக்கும் மிக மோசமான நிலை, இப்போதைய நிலை, விரும்பும் நிலை, மிகச் சிறந்த நிலை என நான்கு அளவுகள் குறிக்கப்பட்டு, ஒவ்வோர் அளவுக்கும் 100க்கு எத்தனை பயன்மதிப்பு என்று கேட்கப்பட்டது. தரவு கேட்டவரின் கோரிக்கை இடையில் சிக்கி, ஊழியர் ஒருவர் தலையிட்டால்தான் நகரும் என்னும் நிலை அவற்றுள் ஒன்று. 10 விழுக்காடு கோரிக்கைகள் சிக்கினால் பயன்மதிப்பு 10 என்றும், அப்போதிருந்த 5 விழுக்காட்டுக்கு 80 என்றும், 1 விழுக்காட்டுக்கு 95 என்றும், எதுவுமே சிக்காவிட்டால் 100 என்றும் அவர்கள் மதிப்பிட்டனர். இந்த நான்கு எண்களும் சொல்லும் செய்தி ஆழமானது. நிலைமை மேலும் கெட்டால் இழப்பு பேரளவாக இருக்கும். 5 விழுக்காட்டை 1ஆகக் குறைத்தால் 15 அலகு கிடைக்கும். அந்த 1 விழுக்காட்டையும் அகற்றினால் கிடைப்பது வெறும் 5. பொறியியலில் மிகக் கடினமானதும் செலவு மிக்கதும் அந்தக் கடைசி 1 விழுக்காடுதான் என்பதைப் பொறியாளர் அறிவர். பயனர் அதை எவ்வளவு குறைவாகப் பொருட்படுத்துகிறார் என்பதை இத்தகைய கணக்கு இல்லாமல் அறிய வழியில்லை.

இதன்பின் கட்டமைப்பாளர்கள் பல உத்திகளை முன்வைத்தனர்: கோரிக்கை வந்தவுடன் அதை நிலையாகப் பதிந்துவைத்தல், தோல்வியுற்றதைத் தானாகவே மீண்டும் முயலச் செய்தல், பெரிய கோரிக்கைகளைத் துண்டுகளாக்குதல் போன்றவை. ஒவ்வோர் உத்தியும் எந்தெந்தச் சூழலில் அளவை எங்கே கொண்டுசேர்க்கும் என்று கணித்து, பயன்மதிப்பில் ஏற்படும் உயர்வை வாக்கின் எடையால் பெருக்கிக் கூட்டி, செலவால் வகுத்தால் அதன் ஈட்டு விகிதம் கிடைக்கிறது. ஓர் உத்தி ஒரு சூழலை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்தும்போது அந்தத் தாழ்வும் கணக்கில் கழிக்கப்படுகிறது. வாக்குகளும் பயன்மதிப்புகளும் மனிதர் மதிப்பீடுகளே ஆதலால் இறுதி எண்ணைத் துல்லியம் என்று கொள்ளலாகாது. ஆனால் எண்ணைவிட வளைவின் வடிவமே இங்குப் பெரும் பேறு. எங்கே செங்குத்தாக ஏறுகிறது, எங்கே சமதளமாகிறது என்பதை வாடிக்கையாளரின் வாயாலேயே வரையவைத்தது இம்முறையின் சாதனை.

சொல்லும் விருப்பமும் செயலில் தெரியும் விருப்பமும்

கேட்டறியும் முறைகள் அனைத்துக்கும் பொதுவான ஒரு நலிவு உண்டு: மக்கள் சொல்வதும் செய்வதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. செயலிலிருந்து விருப்பத்தைக் கணிக்கும் பொருளியல் முறையை வளர்த்த டேனியல் மெக்ஃபாடன், சான்பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் 1972இல் தொடங்கிய விரைவு ரயிலை எத்தனை பேர் பயன்படுத்துவர் என்பதை, ரயில் ஓடுவதற்கு முன் மக்கள் காரையும் பேருந்தையும் எவ்வாறு தேர்ந்தெடுத்தனர் என்பதைக் கொண்டு கணித்தார். அதிகாரப்பூர்வக் கணிப்பு 15 விழுக்காடு. அவர் மாதிரி தந்தது 6.3, உண்மையில் நிகழ்ந்தது 6.2. 2000ஆம் ஆண்டின் பொருளியல் நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது.

இணைய நிறுவனங்கள் இதே வேறுபாட்டைத் தம் பக்கங்களிலேயே கண்டன. தேடல் முடிவுகளை ஒரு பக்கத்தில் 10க்கு மேல் காட்ட வேண்டும் என்று பயனர் சொன்னதைக் கேட்டு, கூகுள் ஒரு பகுதியினருக்கு 30 முடிவுகள் காட்டியபோது அவர்களின் தேடல் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்ததென அதன் அன்றைய துணைத்தலைவர் மரிசா மேயர் 2006இல் தெரிவித்தார். 10 முடிவுகள் கொண்ட பக்கம் 0.4 நொடியிலும் 30 கொண்டது 0.9 நொடியிலும் வந்ததே காரணமாகக் கூறப்பட்டது. வாயால் வேண்டியது எண்ணிக்கை. நடத்தையால் வேண்டியது வேகம். அரை நொடியின் விலை இவ்வளவு என்று தெரிந்தபின், முடிவுகளை முன்கூட்டியே நினைவகத்தில் வைப்பதா, பயனருக்கு அருகிலுள்ள நகரங்களில் சர்வர்களை அமைப்பதா என்பவை அந்த அரை நொடியோடு நேரே ஒப்பிடத்தக்க முதலீட்டுக் கேள்விகளாகிவிடுகின்றன.

பயனர்களைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் மாற்றத்தைக் காட்டி விளைவை ஒப்பிடும் இத்தகைய சோதனை ஏ/பி சோதனை எனப்படும். கட்டமைப்புக்கு இதைப் பயன்படுத்துவதில் ஓர் இடர் உண்டு: புதிய கட்டமைப்பைக் கட்டிய பின்னரே சோதிக்க முடியும் என்றால் சோதனையின் பயனே போய்விடும். வேகத்தைப் பொறுத்தவரை இதற்கு அழகான ஒரு வழி கண்டறியப்பட்டது. மென்பொருளை வேகமாக்குவது பெருஞ்செலவு. வேண்டுமென்றே தாமதிக்கச் செய்வதோ ஒரு வரி நிரல்தான். எனவே ஒரு சிறு குழுவுக்குப் பதிலைத் தாமதித்து அனுப்பி, அதனால் ஏற்படும் இழப்பிலிருந்து, வேகமானால் கிடைக்கக்கூடிய ஈட்டத்தை ஊகிக்கலாம். 2009இல் கூகுளும் மைக்ரோசாஃப்டின் பிங் தேடுபொறியும் இத்தகைய சோதனைகளின் முடிவுகளை ஒரே மேடையில் வெளியிட்டன. பிங்கில் 2 நொடித் தாமதம் ஒரு பயனர் வழி வரும் வருவாயை 4.3 விழுக்காடு குறைத்தது, கூகுளில் 0.4 நொடித் தாமதம் தேடல்களை ஏறத்தாழ 0.6 விழுக்காடு குறைத்தது, தாமதத்தை நீக்கிய பின்னும் அப்பயனர்கள் பழைய அளவுக்கு உடனே திரும்பவில்லை.

இந்தியாவின் யு.பி.ஐ. பணப் பரிமாற்றத்தில், பயன்பாட்டுப் பதிவே கட்டமைப்பு மாற்றத்துக்கு வழிவகுத்ததைக் காணலாம். 2016இல் தொடங்கிய அச்சேவையின் பரிமாற்றங்களில் ஏறத்தாழப் பாதி 200 ரூபாய்க்கும் குறைவானவை என்று ரிசர்வ் வங்கி 2021இல் சுட்டிக்காட்டியது. தேநீருக்கும் காய்கறிக்கும் தரும் பணத்துக்கும் ஒவ்வொரு முறையும் வங்கியின் மையக் கணக்கு அமைப்பை எழுப்புவது அதற்குச் சுமை. 2022 செப்டம்பரில் வந்த யு.பி.ஐ. லைட், தொடக்கத்தில் 2000 ரூபாய்வரை கைப்பேசியிலுள்ள தனி இருப்பில் வைத்துக்கொண்டு, 200 ரூபாய்வரையிலான தொகையை இரகசிய எண் இல்லாமலேயே செலுத்தவிட்டது. ஒவ்வொரு சிறு தொகையும் அந்நேரத்திலேயே மைய அமைப்பைத் தொட வேண்டிய தேவை நீங்கியது.

டைனமோ: ஒரு விருப்பம் தரவுத்தளமானது

வாடிக்கையாளரின் ஒரே ஒரு விருப்பத்தை மையமாக வைத்து முழுத் தரவுத்தளமே வடிவமைக்கப்பட்டதற்கு அமேசானின் டைனமோ சான்று. அதன் அமைப்பை விளக்கும் ஆய்வுரை 2007இல் வெளிவந்தது. கூடையில் பொருளைச் சேர்க்க முயலும் வாடிக்கையாளருக்கு, வட்டுகள் பழுதாயினும் பிணையம் அறுந்தாலும் மறுப்பு வரக் கூடாது என்பதே அதன் தொடக்கப் புள்ளி. எல்லாப் பிரதிகளும் எந்நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று வற்புறுத்தும் தரவுத்தளங்கள், பிரதிகளுக்கு இடையே தொடர்பு அறுந்தால் எழுத மறுத்துவிடும். டைனமோ எழுதுவதை ஏற்றுக்கொண்டு, மாறுபட்ட பிரதிகளைப் பின்னர், படிக்கும் வேளையில் இணைத்தது. சேர்த்த பொருள் ஒருபோதும் தொலையாது. ஆனால் நீக்கிய பொருள் எப்போதாவது கூடையில் மீண்டும் தோன்றலாம். இரு பிழைகளுள் எதை வாடிக்கையாளர் பொறுப்பார் என்ற தேர்வு இங்குத் தெளிவாகவே செய்யப்பட்டுள்ளது. 24 மணி நேரக் கணக்கெடுப்பில் 99.94 விழுக்காடு கோரிக்கைகள் தரவின் ஒரே ஒரு வடிவத்தையே கண்டன என்று அவ்வுரை தெரிவிப்பதால், ஏற்றுக்கொண்ட பிழை மிக அரிதாகவே நிகழ்ந்தது.

அதே ஆய்வுரையில் மற்றொரு பாடமும் உண்டு. சேவையின் வேகத்தைச் சராசரியால் அளக்காமல், 99.9 விழுக்காடு கோரிக்கைகளும் குறித்த நேரத்துக்குள் முடிய வேண்டும் என்று அமேசான் விதித்துக்கொண்டது. நெடுங்காலமாக வாங்கிவரும் வாடிக்கையாளரின் வரலாறு நீளமானதால், அவருக்கேற்பப் பக்கத்தை அமைக்க அதிக நேரம் பிடிக்கிறது. சராசரியில் அவர் மறைந்துபோகிறார். கடைக்கு மிகவும் வேண்டியவரே மிகத் தாமதமான சேவையைப் பெறும் அநீதியைச் சராசரி என்னும் ஒற்றை எண் மூடிவிடுகிறது என்பதை இத்துறையில் இதைவிடத் தெளிவாகக் காட்டிய எடுத்துக்காட்டு குறைவு.

பலர் விருப்பத்தை ஒன்றாக்குதல்

வாடிக்கையாளர் ஒருவர் அல்லர். அவர்களின் விருப்பங்களைக் கூட்டுவதில் கணிதமே ஒரு தடையை வைத்துள்ளது. சம எண்ணிக்கையுள்ள மூன்று குழுக்களில் முதற்குழு வேகம், நம்பகம், மலிவு என்ற வரிசையிலும், இரண்டாவது நம்பகம், மலிவு, வேகம் என்றும், மூன்றாவது மலிவு, வேகம், நம்பகம் என்றும் விரும்பினால், பெரும்பான்மை வேகத்தை நம்பகத்துக்கு மேலாகவும், நம்பகத்தை மலிவுக்கு மேலாகவும், மலிவை வேகத்துக்கு மேலாகவும் வைக்கும். சுற்றிச் சுழலும் இந்த விந்தையைப் பிரெஞ்சு அறிஞர் கொண்டோர்செ 1785இல் கண்டார். தனித்தனி வரிசைகளிலிருந்து நியாயமான ஒரு பொது வரிசையை எப்போதும் பெறத்தக்க விதி எதுவுமில்லை என்று கென்னத் ஆரோ 1951இல் நிறுவினார். ஆகவே “வாடிக்கையாளர் விரும்புவது இது” என்று ஒருமையில் பேசும் அறிக்கைகளை ஐயத்தோடே படிக்க வேண்டும்.

கட்டமைப்பாளருக்குச் சராசரியைவிடப் பரவலே பயன் மிக்க தகவல். எல்லாரும் ஒன்றையே விரும்பும் இடத்தில் அதை அடித்தளத்தில் நிலையாகப் பதித்துவிடலாம். விருப்பங்கள் பிரியும் இடத்தில் மாற்றத்துக்கு இடம் விட வேண்டும். டேவிட் பார்னஸ் 1972இல், மாறக்கூடிய முடிவு ஒவ்வொன்றையும் ஒரு பகுதிக்குள் மறைத்துவைத்தே மென்பொருளைப் பிரிக்க வேண்டும் என்று எழுதினார். எது மாறக்கூடியது என்பதற்கு அக்காலத்தில் பொறியாளரின் ஊகமே ஆதாரமாக இருந்தது. விருப்ப அளவீடு அந்த ஊகத்துக்குச் சான்று தருகிறது. டைனமோவும் எத்தனை பிரதிகள் வைப்பது, எத்தனை பிரதிகள் ஒப்புக்கொண்டால் எழுதியதாகக் கொள்வது என்ற எண்களை ஒவ்வொரு சேவையும் தானே அமைத்துக்கொள்ள விட்டது.

அளவீட்டுக்கு அப்பாற்பட்டவை

சில பண்புகளை வாக்கெடுப்புக்கு விடலாகாது. பராமரிப்பு எளிமை வாடிக்கையாளர் கண்ணுக்கே தெரியாது. ஆயினும் அவர் நாளை கேட்கப்போகும் மாற்றங்களின் விலையைத் தீர்மானிப்பது அதுவே. பாதுகாப்பு கானோவின் கட்டாய வகையைச் சேர்ந்தது. தரவு களவுபோகும்வரை யாரும் அதற்கு உயர்ந்த எடை தருவதில்லை. பார்வையற்றோர் திரைவாசிப்பு மென்பொருளின் வழியாகச் சேவையைப் பெறுவதற்கான ஏற்பாடு, கருத்தெடுப்பில் மிகச் சிலரின் விருப்பமாகவே வரும். எடையிட்டுக் கூட்டினால் அது பட்டியலின் அடியில்தான் நிற்கும். அப்படித் தள்ளிவிடுவது பெருந்தவறு. இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை உரிமையாகவே வைத்திருக்கிறது. நிறுவனங்களுக்கு விற்கும் மென்பொருளில் வாங்குபவர் ஒருவராகவும் நாள்முழுதும் அதில் உழைப்பவர் வேறொருவராகவும் இருப்பதால், வாங்குபவரை மட்டும் கேட்டு எடுத்த முடிவின் துன்பத்தை உழைப்பவரே சுமக்கிறார்; அவரையும் தனிக் குழுவாகக் கொண்டு அளப்பது நேர்மையான ஆய்வின் முதற்கடமை.

விருப்பங்கள் காலத்தால் மாறவும் செய்கின்றன. எழுதும்போதே தானாகச் சேமித்துக்கொள்ளும் வசதி ஒருகாலத்தில் கவர்ச்சிப் பண்பாக இருந்து இன்று கட்டாயப் பண்பாகிவிட்டது. கட்டமைப்போ பத்து, இருபது ஆண்டு நிலைக்கக்கூடியது. 2011இல் மைக்கேல் நைகார்ட் முன்வைத்த முடிவுப் பதிவேட்டு முறையில், ஒவ்வொரு கட்டமைப்பு முடிவும் அதன் பின்னணியோடும் விளைவுகளோடும் ஒரு சிறு குறிப்பாக, நிரலோடு சேர்த்தே வைக்கப்படுகிறது. விருப்ப அளவீட்டைக் கொண்டு எடுக்கப்பட்ட முடிவுகளில், யாரிடம், எந்த ஆண்டில், எந்த வினாவால் அளக்கப்பட்டது என்பதையும், எந்த எண் மாறினால் முடிவை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்பதையும் அக்குறிப்பிலேயே எழுதிவைத்தால், பின்வரும் பொறியாளர்கள் பழைய விருப்பத்தை நிலையான உண்மை என்று கருதாமல் மீண்டும் அளந்து பார்க்க முடியும்.